அச்சேறிய பதினொன்றும் அச்சேறாத ஒன்றும்

ஆடி அமாவாசைத் தீர்த்தம் முடிந்து இரண்டு நாட்களின் பின்னர் எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அனுப்பியவர் கனடாவில் வாழ்கிறார். அமிர்தகழியில், மாமாங்கேஸ்வரர் ஆலயத்துக்கு அருகே பிறந்தவர். அவருடைய தாயாரை நான் நன்கறிவேன். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேலாக விஞ்ஞானம் படிப்பித்த ஆசிரியை. 2012 இல் காலமானார்.

மகன் எழுதியிருந்தது நான்கே வரிகள். "அம்மா 1995 ஆம் ஆண்டளவில் ஒரு விஞ்ஞானக் கதை எழுதி, நீங்கள் பணியாற்றிய பத்திரிகைக்கு அனுப்பியதாக அடிக்கடி சொல்லுவார். அது அச்சில் வந்ததா? வரவில்லையென்றால் கையெழுத்துப் பிரதியாவது உங்களிடம் இருக்கிறதா? பேத்தி கேட்கிறாள்" என்று கேட்டிருந்தார்.

பத்திரிகைத் தொழிலில் எத்தனையோ கடிதங்களுக்கு உடனுக்குடன் பதில் எழுதியவன் நான். இந்த நான்கு வரிகளுக்குப் பதில் எழுத மூன்று கிழமைகள் சென்றன. அந்த மூன்று கிழமைகளிலும் நான் நினைத்துக்கொண்டிருந்தது டீச்சரை மட்டுமல்ல. ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன்னர் அமெரிக்காவில் பதினொரு விஞ்ஞானக் கதைகளை எழுதிவிட்டு ஓய்ந்துபோன இன்னொரு பெண்மணியையும்தான். அவருடைய கதையைச் சொன்னால்தான் நான் செய்த பிழையின் அளவு வாசகர்களுக்குப் புரியும்.

அவர் பெயர் கிளேர் விங்கர் ஹாரிஸ். 1891 ஜனவரியில் இலினோய் மாநிலத்து ஃபிரீபோர்ட் நகரில் பிறந்தவர். அவருடைய தந்தை 1917 இல் தாமும் ஒரு விஞ்ஞானக் கற்பனை நாவலை வெளியிட்டவர். கிளேர் கல்லூரிப் படிப்பை முடிக்காமலே 1912 இல் பொறியியலாளர் ஒருவரை மணந்தார். மூன்று ஆண்பிள்ளைகள். 1923 இல் பண்டைய கிரேக்கத்தைக் களமாகக் கொண்ட ஒரு நாவல் வெளிவந்தது. அது பெரிதாகப் பேசப்படவில்லை. 1926 ஜூலையில் 'வியேர்ட் டேல்ஸ்' என்ற சஞ்சிகையில் அவருடைய முதலாவது விஞ்ஞானச் சிறுகதை வந்தது. அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்து.

அந்தக் காலத்துச் சஞ்சிகைகளை அமெரிக்கர்கள் 'பல்ப்' என்று அழைத்தார்கள். மரக்கூழிலிருந்து செய்த மட்டமான தாளில் அச்சிட்டதனால் வந்த பெயர் அது. கண்ணைப் பறிக்கும் அட்டைப்படம், சில சதங்கள் விலை, ரயிலில் வாசித்துவிட்டு இருக்கையிலேயே விட்டுச் செல்லலாம். தாளில் இருக்கும் அமிலமே அதைத் தின்றுவிடும். சில ஆண்டுகளில் மஞ்சளாகி, பின்னர் பழுப்பாகி, மடித்த இடத்தில் ஒடிந்துபோகும். எங்கள் பழைய ஞாயிறு இதழ்களைப் புரட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

லக்சம்பேர்க்கில் பிறந்து 1904 இல் அமெரிக்காவுக்கு வந்த ஹியூகோ கேர்ன்ஸ்பெக் என்பவர் 1926 ஏப்ரலில் 'அமேசிங் ஸ்டோரீஸ்' என்ற சஞ்சிகையைத் தொடங்கினார். விஞ்ஞானக் கதைகளுக்கென்றே வெளிவந்த முதலாவது ஆங்கிலச் சஞ்சிகை என்று அதனைக் கூறுவார்கள். அதே ஆண்டு டிசம்பர் இதழில் அவர் ஒரு போட்டி வைத்தார். அட்டையில் பிராங்க் ஆர். போல் வரைந்த விநோதமான ஓவியம்: ஒரு பெரிய பயணிகள் கப்பல் அந்தரத்தில் தொங்குகிறது. இந்தப் படத்துக்கு ஒரு கதை எழுதுங்கள் என்பதே போட்டி. ஹாரிஸ் எழுதிய கதைக்கு மூன்றாம் பரிசு, 100 டொலர். 1927 ஜூன் இதழில் அது வெளிவந்தது.

செவ்வாய்க் கிரகத்தவர் தமது வறண்ட உலகத்துக்காகப் பூமியின் கடல்நீரைத் திருடுவதே அக்கதை. கடல் மட்டம் இறங்குகிறது, கப்பல்கள் மறைகின்றன, கதைசொல்லியின் காதலியும் ஒரு கப்பலோடு காணாமற்போகிறாள். அவள் திரும்பி வருவதில்லை. கதையின் நடை ஒன்றும் சிறப்பானதன்று. பாத்திரங்கள் மரப்பொம்மைகள் போலப் பேசுகின்றன. ஆனால் திடீரென்று கடல் இல்லாமற்போன கரையில் நின்று, போனவளை நினைத்துக்கொண்டிருக்கும் மனிதனின் நிலையை அவர் விட்டுவிடவில்லை. 2004 டிசம்பர் 26 இற்குப் பிறகு எங்கள் கரையில் பிறந்த எவரும் அந்தக் கதையை வெறும் விளையாட்டாக வாசிக்க இயலாது.

கேர்ன்ஸ்பெக்கைப் பற்றி நல்லதும் கெட்டதும் உண்டு. எழுத்தாளர்களுக்குக் கொடுக்கும் காசு சொற்பம்; அதையும் இழுத்தடிப்பார். எச்.பி. லவ்கிராஃப்ட் தம் கடிதங்களில் அவரை 'எலி' என்றே குறிப்பிட்டார். ஹாரிஸின் கதைக்கு எழுதிய முன்குறிப்பிலும், பெண்களுக்குப் பொதுவாக விஞ்ஞான அறிவு குறைவு என்றும் அதனால் இந்தப் பரிசு தமக்கே வியப்பு என்றும் கூச்சமின்றி எழுதினார். ஆயினும் அவர் ஒரு காரியம் செய்தார். கதையை அச்சிட்டார். எழுதியவரின் பெயரைப் போட்டார். அடுத்த கதையையும் வாங்கினார்.

பெயரைப் போட்டது சிறிய விடயமன்று. ஹாரிஸுக்குச் சற்று முன்னர் கேர்ட்ரூட் பாரோஸ் பென்னெட் என்ற பெண்மணி அற்புதமான மாயக் கற்பனைக் கதைகளைப் 'பிரான்சிஸ் ஸ்டீவன்ஸ்' என்ற பெயரில் எழுதினார். பலர் அவரை ஆண் என்றே எண்ணினர். விஞ்ஞானக் கதைச் சஞ்சிகைகளில் தம் சொந்தப் பெயரில் எழுதிய முதற்பெண் என்று இன்று ஹாரிஸையே சொல்கிறார்கள்.

1928 ஏப்ரலில் வந்த ஒரு கதைதான் அவருடைய கதைகளுள் எனக்கு மிகவும் பிடித்தது. பூமியில் பூச்சிகள் பயிர்பச்சை முழுவதையும் அழித்துவிடுகின்றன. மனிதன் பூச்சிகளை ஒழித்து, செயற்கை உணவில் வாழ்கிறான். பல நூற்றாண்டுகளின் பின் பழைய விதை ஒன்றிலிருந்து ஒரு லில்லி மலர்கிறது. இதற்கிடையில் வெள்ளிக் கிரகத்தவர் பூமியோடு தொடர்புகொண்டு, தங்கள் பயிர்களை நாசமாக்கும் சிற்றுயிர்களை ஒழிக்க வழி கேட்கிறார்கள். கடைசியில் திரையில் அவர்களைப் பார்த்தால், உதவி கேட்பவர்கள் பெரும் பூச்சிகள். அவர்கள் ஒழிக்க விரும்பும் பீடையோ மனிதரைப் போன்ற சிற்றுயிர். யார் மனிதன், யார் பீடை என்பது பார்க்கும் இடத்தைப் பொறுத்தது என்று அந்த இல்லத்தரசி 1928 இல் எழுதினார். அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் ஐரோப்பாவில் மனிதரைப் பீடை என்று அழைத்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதை உலகம் கண்டது.

1929 இல் வந்த இன்னொரு கதையில் ஒரு மனிதன் தன் அவயவங்களை ஒவ்வொன்றாக இழந்து செயற்கை உறுப்புகளால் மாற்றப்படுகிறான். 1930 இல் வந்த கதையில், வேலைக்காரர்களாகப் பழக்கப்பட்ட குரங்குகள் மனிதருக்கு எதிராகக் கிளர்ந்தெழுகின்றன. அதுதான் வணிகச் சஞ்சிகைகளில் வந்த அவருடைய கடைசிக் கதை. நான்கு ஆண்டுகள், பதினொரு கதைகள். பிள்ளைகளின் படிப்பைக் கவனிப்பதற்காக எழுத்தை நிறுத்தியதாகக் கூறப்படுகிறது. அதன் பிறகு 1933 இல் ஒரே ஒரு கதையை, கிளீவ்லாண்டில் ஓர் இளைஞன் உருட்டச்சில் நடத்திய கையடக்க இதழுக்குக் கொடுத்தார். அந்த இளைஞன் ஜெரி சீகல். தன் நண்பன் ஜோ ஷஸ்டருடன் சேர்ந்து அவன் படைத்த 'சூப்பர்மேன்' 1938 இல் உலகத்துக்கு வந்தான்.

1947 இல் ஹாரிஸ் தம் பதினொரு கதைகளையும் ஒரு நூலாக்கினார். 1968 இல் கலிபோர்னியாவில் காலமானார். மனிதக் குரங்குகள் ஆளும் உலகத்தைக் காட்டிய திரைப்படம் அதே ஆண்டில் திரையரங்குகளை நிறைத்திருந்தது. 1930 இல் குரங்குக் கதை எழுதிய கிழவி ஒருத்தி அந்த மாநிலத்திலேயே இருந்தாள் என்பதை எத்தனை பேர் அறிந்திருப்பார்கள்? 2019 இல் கிளீவ்லாண்டிலுள்ள பெல்ட் பதிப்பகம் அவருடைய கதைகளை மீண்டும் வெளியிட்டது. நண்பர் ஒருவர் அனுப்பிவைத்த அந்தப் பிரதியைத்தான் நான் வாசித்தேன்.

இனி 1995 இற்கு வருகிறேன்.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. பேராதனையில் கலைமாணிப் பட்டம் பெற்று, கொழும்பில் ஒரு தமிழ்ப் பத்திரிகையின் ஞாயிறு இதழில் உதவி ஆசிரியராகச் சேர்ந்திருந்தேன். கிழமைக்கு ஒரு சிறுகதை. வருகின்ற கையெழுத்துப் படிகளை வாசித்துத் தெரிவு செய்வது என் பொறுப்பு. அந்த நாற்காலியில் இருந்தபோது என் மனத்தில் நிமிர்ந்திருந்த ஆணவத்தை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

ஈழத்துத் தமிழ் விமர்சனத்தில் கைலாசபதி, சிவத்தம்பி ஆகியோரின் காலம் தொட்டு யதார்த்தமும் மண்வாசனையும் உரைகற்களாக விளங்கின. அவர்கள் பெரிய அறிஞர்கள். அவர்கள் சொன்னதில் ஆழம் இருந்தது. அதை அரைகுறையாகப் படித்துவிட்டு, பறக்கும் யந்திரம் வந்தால் அது இலக்கியம் அன்று என்று முடிவு செய்தது என் பிழை. இத்தனைக்கும் பாடசாலை நாட்களில் நான் அப்படியான கதைகளின் பைத்தியம். இரண்டாம் உலகப்போருக்குப் பின் மட்டக்களப்பில் பணிபுரிந்த அமெரிக்க யேசு சபைப் பாதிரிமார் கொண்டுவந்த ஆங்கிலப் புத்தகங்களுள் அட்டை கிழிந்த விஞ்ஞானக் கதைத் தொகுப்புகளும் இருந்தன. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு வாசித்திருக்கிறேன். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வை இரவல் வாங்கி ஒரே இரவில் முடித்தவன். பல்கலைக்கழகத்துக்குப் போனதும் அதெல்லாம் சிறுபிள்ளைத்தனம் என்று வெட்கப்படக் கற்றுக்கொண்டேன். ஆர்தர் சி. கிளார்க் 1956 முதல் 2008 இல் இறக்கும் வரை எங்கள் நாட்டிலேயே வாழ்ந்தவர்; அவருக்கும் எங்களுக்கும் ஏதும் தொடர்பு உண்டு என்று அன்று என்னைப் போன்றவர்களுக்குத் தோன்றியதே இல்லை.

அந்த நாட்களில்தான் பழுப்பு உறை ஒன்றில் டீச்சரின் கதை வந்தது. பன்னிரண்டு புல்ஸ்காப் தாள்கள், நீல மை, கரும்பலகையில் எழுதுவது போன்ற சீரான எழுத்து. ஊர் பெயரைப் பார்த்ததும் முதலில் அதையே எடுத்து வாசித்தேன்.

கதை ஐம்பது ஆண்டுகள் கழித்து நடக்கிறது. முகத்துவாரம் மண்மூடிப்போய் வாவி வற்றிவிட்டது. பாடும் மீன்கள் இல்லை. கல்லடிப் பாலத்தின் கீழ் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரிலும் மறு முனையைக் காதிலும் வைத்து அந்த இசையைக் கேட்டவர்கள் எல்லோரும் இறந்துவிட்டார்கள். ஒரு பாடசாலை ஆசிரியை பழைய வானொலிப் பெட்டிகளின் பாகங்களைக் கொண்டு ஒரு கருவி செய்கிறாள். சேறு தான் கேட்ட ஒலிகளை மறப்பதில்லை என்பது அவளுடைய கொள்கை. பௌர்ணமி இரவில் வெடித்த சேற்றில் கருவியை ஊன்றுகிறாள். முதலில் மீன்களின் இசை கேட்கிறது. அதற்கும் கீழே, இன்னும் ஆழத்தில், மனிதக் குரல்கள். அவள் ஒவ்வொரு குரலுக்கும் ஒரு பெயரை எழுதத் தொடங்குகிறாள். விடியும்போது கொப்பி நிறைந்துவிடுகிறது.

நான் இதை வாசித்து முடித்து, உறையின் மேல் சிவப்புப் பேனாவால் 'யதார்த்தம் இல்லை' என்று எழுதி, திருப்பி அனுப்பாதவற்றின் பெட்டியில் போட்டேன். சேறு எப்படிப் பேசும் என்று பக்கத்து மேசைக்காரரிடம் சொல்லிச் சிரித்தேன் என்பதும் நினைவிருக்கிறது.

1990 செப்டெம்பர் 5 ஆம் திகதி, வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமடைந்திருந்தவர்களுள் 158 பேர் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்கள் திரும்பவில்லை. அந்த ஆண்டில் எங்கள் மாவட்டத்தில் காணாமற்போனவர்கள் அவர்கள் மட்டுமல்லர். டீச்சரின் தம்பியும் ஒருவர். இது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் சேற்றுக்குள்ளிருந்து எழுந்த குரல்கள் யாருடையவை என்று எனக்கு விளங்கவில்லை. 1995 செப்டெம்பரில் போர்ச் செய்திகளுக்குத் தணிக்கை வந்தது. செய்திப் பக்கத்தில் எழுத முடியாததை ஒரு விஞ்ஞான ஆசிரியை தனக்குத் தெரிந்த வழியில், ஐம்பது ஆண்டுகளுக்கு அப்பால் கொண்டுபோய் வைத்து எழுதியிருந்தார். எந்தத் தணிக்கையாளரும் அதில் கைவைத்திருக்க மாட்டார். கைவைத்தவன் நான்.

மறு ஆண்டு ஆடி அமாவாசைக்கு ஊருக்கு வந்திருந்தபோது மாமாங்கத் தீர்த்தக் கேணியின் படிக்கட்டில் டீச்சரைக் கண்டேன்.

"தம்பி, நான் அனுப்பின கதை கிடைச்சதா?"

"கிடைச்சது டீச்சர். இடம்தான் இல்லை. பார்த்துப் போடுறேன்."

"அவசரமில்லை மகன். நல்லா இல்லாட்டியும் சொல்லுங்க, திருத்தி எழுதலாம்."

நான் தலையை ஆட்டிவிட்டு நழுவிவிட்டேன். அவர் அதன் பிறகு என்னிடம் கேட்கவில்லை. வேறு கதையும் அனுப்பவில்லை. சில ஆண்டுகளில் எங்கள் அலுவலகம் இடம் மாறியபோது பழைய பெட்டிகள் கழிவுத் தாளோடு போயின. டீச்சரிடம் ஒரு நகல் இருந்ததாம். அது நாவலடியில் உறவினர் வீட்டில் ஒரு தகரப் பெட்டியில் இருந்தது. ஆழிப்பேரலை நாவலடியை என்ன செய்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஹாரிஸின் நூலை வாசித்தபோதெல்லாம் எனக்கு ஓர் எண்ணம் வந்துகொண்டே இருந்தது. அந்தப் பதினொரு கதைகளும் உலக இலக்கியத்தின் சிகரங்கள் அல்ல. அவரைப் பற்றி எழுதுவோரும் அப்படிச் சொல்வதில்லை. அவர் ஒரு சிறிய எழுத்தாளர். ஆனால் அவை இருக்கின்றன. காசைக் கொடுக்கத் தயங்கிய ஓர் ஆசிரியர் அவற்றை அச்சிட்டார். யாரோ சில வாசகர்கள் அந்த மட்டமான தாள்களை வீசாமல் அலமாரியில் அடுக்கி வைத்தார்கள். அதனால் தொண்ணூறு ஆண்டுகள் கழித்து ஒரு பதிப்பகம் அவற்றை எடுத்துக்கொள்ள முடிந்தது. வங்கத்துப் பேகம் ருக்கையா எழுதிய 'சுல்தானாவின் கனவு' என்ற கதையும் 1905 இல் முதலில் அச்சானது நமது சென்னையிலிருந்து கமலா சத்தியநாதன் ஆசிரியராக இருந்து நடத்திய ஒரு பெண்கள் சஞ்சிகையில்தான். ஆண்கள் வீட்டுக்குள் அடைபட்டுப் பெண்கள் ஆளும் நாட்டைப் பற்றிய கதை. அன்று அந்த மேசையில் நான் இருந்திருந்தால் உறையின் மேல் என்ன எழுதியிருப்பேன் என்பது எனக்குத் தெரியும்.

எங்கள் நாட்டுப் பத்திரிகைகளில் இப்படி எழுதியவர்கள் எத்தனை பேர்! வீரகேசரி ஆசிரியராக இருந்த கே.வி.எஸ். வாஸ் 'ரஜனி' என்ற பெயரில் எழுதிய மர்மக் கதைகளுக்காகவே பத்திரிகை வாங்கியவர்கள் இருந்தார்கள். அவராவது பெயர் பெற்றவர். ஞாயிறு இதழ்களில் இரண்டோ மூன்றோ கதைகள் எழுதிவிட்டு, கல்யாணம், பிள்ளைகள், இடப்பெயர்வு என்று ஓய்ந்துபோனவர்களின் கதைகள் 1978 நவம்பர் சூறாவளியிலும், 1981 இல் யாழ்ப்பாண நூலகத்தில் மூட்டிய தீயிலும், கைவிட்டு ஓடிய வீடுகளிலும் போயின. 2005 முதல் 'நூலகம்' எண்ணிம நூலகத்தார் கிடைத்ததையெல்லாம் வருடிச் சேர்த்து வருகிறார்கள். ஆனால் அச்சில் வராததை எந்த நூலகத்தாலும் சேர்க்க முடியாது.

மூன்று கிழமைகளின் பின் அந்த மகனுக்கு எழுதினேன். கதை அச்சில் வரவில்லை என்றும், அதற்கு இடப்பற்றாக்குறை காரணமல்ல, நான்தான் காரணம் என்றும் எழுதினேன். கதை நன்றாக இருந்தது என்பதை அவருடைய தாயாரிடம் சொல்ல வேண்டிய காலத்தில் சொல்லவில்லை என்றும் எழுதினேன். பின்னர், நினைவிலிருந்தவற்றையெல்லாம் வரிசைப்படுத்தினேன்: வற்றிய வாவி, துடுப்பு, வானொலிப் பாகங்கள், சேறு, குரல்கள், நிறைந்த கொப்பி. டீச்சரின் வசனங்கள் ஒன்றுகூட எனக்கு நினைவில்லை. அவருடைய வசனங்களை நான் எழுதிக் கொடுப்பது இன்னொரு திருட்டாகிவிடும். எனவே எலும்புக்கூட்டை மட்டும் அனுப்பினேன்.

பதில் மறுநாளே வந்தது. கோபம் ஒன்றும் இல்லை. கோபித்திருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். "அந்தக் கொப்பியில் எழுதிய பெயர்களில் மாமாவின் பெயர் இருந்ததா?" என்று மட்டும் கேட்டிருந்தார்.

எனக்கு நினைவில்லை. பெயர்கள் இருந்த அந்தப் பக்கத்தை நான் வேகமாகப் புரட்டியிருக்கிறேன்.

உங்கள் வீட்டு அலமாரியின் அடித்தட்டில், ட்ரங்குப் பெட்டியில், மாமியோ பெரியப்பாவோ எப்போதோ எழுதிய கதை ஒன்று மடித்துக் கிடக்கலாம். நல்ல கதையா என்று பார்க்க வேண்டாம். என்னைப் போன்ற ஒருவன் ஏற்கெனவே பார்த்துப் பிழையாகச் சொல்லியிருப்பான். தாளை மெல்லப் பிரியுங்கள், மடிப்பில் ஒடியும். ஒரு படம் எடுத்து வையுங்கள். எழுதியவரின் பெயரையும் ஆண்டையும் மறக்காமல் குறித்துவிடுங்கள்.